கொலம்பியாவின் சரிவும் வயதில் மூத்த மாணவர்களும்: தரவரிசையில் யார் எண்ணப்படுகிறார், யார் விடுபடுகிறார்?

வைகறை (இழையைத் தொடங்கியவர்)

யு.எஸ். நியூஸ் என்ற அமெரிக்க நிறுவனம் போடும் கல்லூரித் தரவரிசைப் பட்டியலில் 2021இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு 2ஆம் இடம். 2022 செப்டம்பரில் 18. இந்தச் சரிவுக்கு அங்குள்ள ஸ்கூல் ஆஃப் ஜெனரல் ஸ்டடீஸ்தான் காரணம் என்று பலர் எழுதுகிறார்கள். ராணுவத்திலிருந்து வந்தவர்கள், பத்து வருடம் வேலை பார்த்துவிட்டுப் படிக்க வந்தவர்கள், பிள்ளைகளை வளர்த்தபின் பட்டத்தை முடிக்க நினைப்பவர்கள் ஆகியோரைச் சேர்த்ததால் தரம் இறங்கிவிட்டது என்பது அவர்கள் வாதம். இன்னொரு சாரார், இவர்களைக் கணக்கில் காட்டாமல் மறைத்துத்தான் கொலம்பியா மேலே ஏறியது என்கிறார்கள். இரண்டு குற்றச்சாட்டும் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன. கணக்கு தெரிந்தவர்கள் விளக்க வேண்டும்.

தரவுக்காரன்

வைகறை, முதலில் நடந்ததைப் பார்ப்போம். 2022 பிப்ரவரியில் கொலம்பியாவின் கணிதப் பேராசிரியர் மைக்கேல் தாடியஸ் தன் இணையப் பக்கத்தில் நீண்ட ஆய்வு ஒன்றை வெளியிட்டார். 20 பேருக்குக் குறைவான வகுப்புகள் 82.5 சதவீதம் என்று பல்கலைக்கழகம் சொல்லியிருந்தது. பொதுவில் கிடைக்கும் பாடப் பட்டியலை வைத்து அவர் எண்ணியபோது 62.7க்கும் 66.9க்கும் இடையில்தான் வந்தது. முழுநேர ஆசிரியர்கள் 100 சதவீதமும் தத்தம் துறையின் உச்சப் பட்டம் பெற்றவர்கள், 6 மாணவருக்கு ஓர் ஆசிரியர், கற்பித்தலுக்கு ஆண்டுச் செலவு 310 கோடி டாலர் என்று சொல்லப்பட்டவற்றையும் அவர் ஒவ்வொன்றாகக் கேள்விக்கு உட்படுத்தினார். பல்கலைக்கழகம் அந்த ஆண்டு தரவு தருவதை நிறுத்தியது. செப்டம்பரில் அதுவே வெளியிட்ட திருத்தத்தில் சிறு வகுப்புகள் 57 சதவீதமாகவும் உச்சப் பட்டம் பெற்ற ஆசிரியர்கள் 95 சதவீதமாகவும் இறங்கின. தரவு வராததால் யு.எஸ். நியூஸ் பொதுத் தரவையும் மதிப்பீடுகளையும் வைத்து 18ஆம் இடம் கொடுத்தது. 2023 ஜூனில் கொலம்பியா இளநிலைப் பட்டியலிலிருந்தே விலகிக்கொண்டது.

தலைப்புச் செய்தியான வகுப்பு அளவு, ஆசிரியர் தகுதி இரண்டும் நிர்வாகம் தந்த எண்கள். ஜெனரல் ஸ்டடீஸில் படிக்கும் முன்னாள் சிப்பாய் ஒருவருக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.

இரண்டாவது குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. ஆனால் அதன் வேர் கொலம்பியாவில் இல்லை, கூட்டாட்சி அரசின் தரவுத் திரட்டலில் இருக்கிறது. 1990இல் வந்த மாணவர் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கல்லூரிகள் பட்டம் முடிப்போர் விகிதத்தை வெளியிட வேண்டும். அந்த விகிதம் "முதல்முறை, முழுநேர" மாணவர்களுக்கு மட்டும் உரியது. அதாவது இதற்கு முன் எந்தக் கல்லூரியிலும் சேராதவர், சேரும்போது முழுநேரம் படிப்பவர். அவர்களில் எத்தனை பேர் வழக்கமான காலத்தின் ஒன்றரை மடங்குக்குள், நான்காண்டுப் படிப்பானால் ஆறு ஆண்டுக்குள், முடித்தார்கள் என்பதே எண். 19 வயதில் ஈராண்டுப் படிப்பு தரும் ஒரு சமுதாயக் கல்லூரியில் இரண்டு பருவம் படித்துவிட்டு 29 வயதில் கொலம்பியாவுக்கு வருபவர் அந்த எண்ணில் எங்குமே இல்லை. அவர் தங்கப் பதக்கத்தோடு முடித்தாலும் இல்லை, பாதியில் விட்டாலும் இல்லை.

கயல்

தரவுக்காரன் சொன்னதோடு இன்னொன்றைச் சேர்க்கிறேன். இவர்கள் எல்லா எண்ணிலும் விடுபடுவதில்லை. கல்லூரிகள் தங்கள் தரவை ஒரே வடிவில் வெளியிடும் காமன் டேட்டா செட் படிவத்தை எடுத்துப் பாருங்கள்.

எஸ்ஏடி, ஏசிடி என்ற நுழைவுத் தேர்வுகளின் மதிப்பெண் கேட்கும் சி9 வரி முதல்முறை மாணவருக்கு மட்டும். முதலாண்டு முடிந்து திரும்பி வருவோர் விகிதம், பி22, அதுவும் அப்படியே. ஆனால் ஐ (I) பகுதிக்குப் போனால் நிலைமை மாறுகிறது. மாணவர்–ஆசிரியர் விகிதத்தில் முழுநேர மாணவர் ஒருவராகவும் பகுதிநேர மாணவர் மூன்றில் ஒருவராகவும் கணக்கில் வருகிறார்கள். வகுப்பு அளவைக் கணக்கிடும்போது அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் எல்லா இளநிலை மாணவரும் தலைக்கணக்கில் உண்டு. ஒரு மாணவருக்கு எவ்வளவு செலவு என்பதிலும் அவர்கள் வகுக்கும் எண்ணில் இருக்கிறார்கள்.

ஆக, கூட்டம் சேர்க்கிறார்கள் என்று காட்டும் இடங்களில் இவர்கள் எண்ணப்படுகிறார்கள். சாதித்தார்கள் என்று காட்டக்கூடிய இடங்களில் எண்ணப்படுவதில்லை. நேர்மையான அளவுகோல் இப்படி இருக்கவே கூடாது. 2023இல் யு.எஸ். நியூஸ் வகுப்பு அளவைத் தூக்கிவிட்டது. மாணவர்–ஆசிரியர் விகிதமும் தலைக்கு ஆகும் செலவும் இன்னும் இருக்கின்றன.

வருமானம் குறைந்த மாணவர்களுக்கு அரசு தரும் பெல் உதவித்தொகையிலும் இதே கதைதான். "எங்கள் இளநிலை மாணவர்களில் இத்தனை சதவீதம் பெல் பெறுபவர்கள்" என்று கல்லூரி பெருமையாக வெளியிடும் எண்ணில் வயதில் மூத்தவர்களும் சேர்ந்திருப்பார்கள். பெல் பெறுவோரில் பட்டம் முடித்தவர்கள் என்ற எண்ணில் முதல்முறை, முழுநேர மாணவர்கள் மட்டுமே.

மாறன்

எல்லாம் சரிங்க, ஆனா அடிப்படைக் கேள்வியை விட்டுட்டுப் போறீங்க. கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குள்ள வழக்கமான இளநிலைக் கல்லூரியான கொலம்பியா காலேஜுக்கு விண்ணப்பிக்கிற 17 வயசுப் பிள்ளைக்கு நூத்துல நாலு பேருக்குத்தான் இடம். ஜெனரல் ஸ்டடீஸ்ல அந்தப் போட்டி இல்லை. அதே பேராசிரியர், அதே வகுப்பு, அதே கொலம்பியா பேரு. பின்வாசல்னு சொல்றவங்களை முழுசாத் தப்புன்னு எப்படிச் சொல்றது? சேர்க்கை கடுமையா இருக்குன்னு ஒரு முகத்தைக் காட்டி, இன்னொரு பக்கம் கட்டணம் வாங்குறாங்க இல்லையா?

நெய்தல்

மாறன், உங்கள் கேள்வியில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன.

யாருக்கு இடம் என்பது ஒன்று. ஜெனரல் ஸ்டடீஸுக்கு வர வேண்டுமானால் படிப்பில் ஓராண்டோ அதற்கு மேலோ இடைவெளி இருக்க வேண்டும், அல்லது பகுதிநேரமாகத்தான் படிக்க முடியும் என்ற கட்டாயம் இருக்க வேண்டும். 1947இல் போரிலிருந்து திரும்பியவர்களை மனதில் வைத்து இன்றைய வடிவில் தொடங்கிய பள்ளி அது. பட்டத்துக்கு 124 பாயிண்ட் (பாடங்களுக்கு உரிய கிரெடிட்), அதில் வெளியிலிருந்து அதிகபட்சம் 60, கொலம்பியாவில் குறைந்தது 64. அந்த 64ஐயும் 18 வயதுப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில், ஒரே தேர்வில், ஒரே மதிப்பெண் அளவுகோலில்தான் பெற வேண்டும். விண்ணப்பதாரரின் பள்ளி மதிப்பெண் பதினைந்து வருடப் பழையது. அதை வைத்து அவரை அளப்பதைவிட, சமீபத்தில் எடுத்த கல்லூரிப் பாடங்களையும் வேலையில் ஏற்ற பொறுப்புகளையும் வைத்து அளப்பதுதான் சரி. வாசல் வேறு என்பதற்காக அதைப் பின்வாசல் என்பது நியாயமில்லை.

சேர்க்கை விகிதத்தை விளம்பரமாக்குவது மற்றொன்று. அதில் உங்களோடு உடன்படுகிறேன். 4 சதவீதம் என்று எழுதும்போது அது எந்தப் பள்ளிகளுக்கான எண் என்று எழுதியே ஆக வேண்டும். 2022இல் கொலம்பியா முதன்முறையாக காமன் டேட்டா செட் வெளியிட்டபோது இரண்டு படிவங்கள் தந்தது. ஒன்று கொலம்பியா காலேஜுக்கும் பொறியியல் பள்ளிக்கும், மற்றொன்று ஜெனரல் ஸ்டடீஸுக்கு. தனித்தனியாகக் காட்டியதை நான் வரவேற்கிறேன். இரண்டையும் பார்த்து ஒப்பிட முடிகிறது.

தரவுக்காரன்

"முடிப்போர் விகிதம் குறைந்துவிடும்" என்ற பயத்தைப் பற்றிப் பேச வேண்டும். ஒரு கற்பனைக் கணக்கு:

முதல்முறை மாணவர் 1,000 பேர், 95 சதவீதம் முடிக்கிறார்கள்: 950.
மாற்றல் மாணவர், அதாவது வேறு கல்லூரியில் படித்துவிட்டு வருபவர், 400 பேர், 80 சதவீதம் முடிக்கிறார்கள்: 320.
சேர்த்தால் 1,400க்கு 1,270. அதாவது 90.7 சதவீதம்.

தேசிய அளவில் 90.7 சிறப்பான எண். ஆனால் தரவரிசையின் உச்சியில் எல்லோரும் 94க்கும் 98க்கும் இடையில் நெருக்கியடித்து நிற்கிறார்கள். அங்கே நான்கு புள்ளி குறைந்தால் பல இடங்கள் கீழே போக வேண்டும். மாற்றல் மாணவரை அதிகம் எடுக்கும் கல்லூரிக்கு மட்டுமே இந்த அடி. ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து பேரை எடுக்கும் கல்லூரிக்கு ஒன்றும் ஆகாது. பிரின்ஸ்டன் 1990க்குப் பிறகு மாற்றல் சேர்க்கையையே நிறுத்தி, 2018இல்தான் மீண்டும் தொடங்கியது. அதுவும் ராணுவத்திலிருந்தும் சமுதாயக் கல்லூரிகளிலிருந்தும் வருபவர்களை முன்னிறுத்தி, மிகச் சிறிய எண்ணிக்கையில்.

அதனால்தான் எல்லோரையும் ஒரே எண்ணில் கலப்பதை நான் எதிர்க்கிறேன். கலந்தால், யார் இவர்களை அதிகம் ஏற்கிறார்களோ அவர்களுக்குத் தண்டனை.

இளவேனில்

தரவுக்காரன் சொல்லும் தண்டனை ஏற்கெனவே சட்டக் கல்லூரிகளில் நடந்து முடிந்துவிட்டது. ஒரு காலத்தில் சட்டக் கல்லூரித் தரவரிசையில் முழுநேர மாணவர்களின் எல்சாட் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணும் இளநிலை மதிப்பெண் சராசரியான ஜிபிஏவும் மட்டுமே எடுத்துக்கொள்ளப்பட்டன. எனவே மதிப்பெண் குறைந்த இளம் மாணவர்களைச் சில கல்லூரிகள் மாலைநேரப் பிரிவில் சேர்த்து, இரண்டாம் ஆண்டில் முழுநேரத்துக்கு மாற்றிக்கொண்டன. இந்த ஓட்டையை அடைக்க, 2009இல் வந்த பட்டியலிலிருந்து யு.எஸ். நியூஸ் பகுதிநேர மாணவர்களையும் சேர்த்தது.

நோக்கம் நல்லதுதான். ஆனால் பகலில் வேலை பார்த்து இரவில் சட்டம் படிக்கும் 35 வயதுக்காரரின் எல்சாட்டும் அதே கூடையில் விழுந்தது. பெரிய மாலைநேரப் பிரிவு வைத்திருந்த கல்லூரிகள் சரிந்தன. சில கல்லூரிகள் அந்த இடங்களைக் குறைத்தன. ஏமாற்றியவர்களைப் பிடிக்க விரித்த வலையில் உண்மையான மாலைநேர மாணவர்கள் சிக்கினார்கள்.

டெம்பிள் பல்கலைக்கழகத்தின் ஃபாக்ஸ் வணிகப் பள்ளியையும் மறக்கக் கூடாது. அதன் இணையவழி எம்பிஏ தொடர்ந்து பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தது. அந்தப் படிப்பில் சேருபவர்கள் பெரும்பாலும் வேலையில் இருப்பவர்கள், அனுபவத்தைப் பார்த்து ஜிமேட் நுழைவுத் தேர்விலிருந்து விலக்கு பெறுபவர்கள். உண்மையில் ஐந்தில் ஒருவர் அளவுக்கே ஜிமேட் மதிப்பெண் தந்திருக்க, எல்லோரும் தந்ததாக யு.எஸ். நியூஸுக்குச் சொல்லப்பட்டது. 2018இல் அது வெளிவந்தது. அப்போதைய டீன் 2021இல் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, 2022இல் 14 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். வயதில் மூத்தவர்களை எடுத்துக்கொண்டே, 22 வயதுக்காரர்களுக்கு வகுத்த அளவுகோலில் முதலிடமும் வேண்டும் என்று ஆசைப்பட்டால் பொய் சொல்ல வேண்டிவரும்.

மாறன்

இளவேனில், சட்டக் கல்லூரி விஷயம் எனக்குப் புதுசு. அப்போ கேக்கிறேன்: சேர்த்தா மூத்தவங்களுக்கு இடம் குறையுது, விட்டா அவங்க கண்ணுக்கே தெரியறதில்லை. வேற வழிதான் என்ன?

கயல்

வழி ஏற்கெனவே அரசுத் தரவில் இருக்கிறது, மாறன். யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை என்பதுதான் வருத்தம்.

ஐபெட்ஸ் என்ற கூட்டாட்சித் தரவுத் திரட்டலில் 2015–16 முதல் "அவுட்கம் மெஷர்ஸ்" என்று தனிப் பகுதி உண்டு. அதில் மாணவர்கள் நான்காகப் பிரிக்கப்படுகிறார்கள்: முதல்முறை முழுநேரம், முதல்முறை பகுதிநேரம், மாற்றல் முழுநேரம், மாற்றல் பகுதிநேரம். 2017–18 முதல் ஒவ்வொன்றுக்குள்ளும் பெல் பெற்றவர், பெறாதவர் என்ற பிரிவும் இருக்கிறது. 4, 6, 8 ஆண்டுகளில் பட்டம் பெற்றவர் எத்தனை, 8 ஆண்டு முடிவில் இன்னும் படித்துக்கொண்டிருப்பவர் எத்தனை, வேறு கல்லூரிக்குப் போனவர் எத்தனை என்றெல்லாம் தெரியும். வழக்கமான விகிதத்தில் இலையுதிர் பருவத்தில் சேருபவர்கள்தான் கணக்கு. இங்கே ஆண்டு முழுவதும் சேருபவர்கள் வருகிறார்கள். ஜனவரியில் சேருபவர்களை எண்ணாமல் விடும் வேலை இதில் செல்லாது.

தரவரிசை செய்பவர்கள் மாற்றல் முழுநேரத்தை மற்ற கல்லூரிகளின் மாற்றல் முழுநேரத்தோடு ஒப்பிட்டாலே போதும். கலக்கவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். அதோடு, எத்தனை பேரை ஏற்கிறார்கள் என்பதற்கும் ஒரு பங்கு மதிப்பெண் கொடுத்தால் கதவைச் சாத்துபவருக்கு லாபம் இருக்காது. வாஷிங்டன் மன்த்லி இதழ் 2016இல் வயதில் மூத்த மாணவர்களுக்கென்றே தனிப் பட்டியல் போடத் தொடங்கியது. செய்ய முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

நெய்தல்

கயலின் யோசனையோடு ஒரு எச்சரிக்கை. எட்டு ஆண்டு என்பதும் பகுதிநேர மாணவருக்குப் போதாமல் போகலாம். கணக்கைப் பாருங்கள்.

60 பாயிண்ட்டோடு வருபவர் மீதி 64ஐப் பருவத்துக்கு 6 வீதம் எடுத்தால் 11 பருவம். கோடையை விட்டால் ஐந்தரை ஆண்டு. சரி, உள்ளே வந்துவிடுவார். வெளியிலிருந்து எதுவும் ஏற்கப்படாமல் பூஜ்யத்தில் தொடங்குபவர் அதே 6 வீதம் எடுத்தால் 124க்கு 21 பருவம், பத்தரை ஆண்டு. ஒரு பருவம்கூடத் தவறாமல் நன்றாகப் படித்திருந்தாலும் எட்டாண்டுக் கணக்கில் அவர் "முடிக்காதவர்". பருவத்துக்கு 9 எடுத்தால் 14 பருவம், ஏழு ஆண்டு. நடுவில் ஒரு பிரசவமோ பெற்றோரின் நோயோ வந்தால் அதுவும் தாண்டிவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. முதல் பருவத்தில் முழுநேரம் என்று பதிந்தவர் பிறகு பகுதிநேரத்துக்கு மாறினாலும், கடைசி வரை முழுநேரக் குழுவிலேயே எண்ணப்படுவார். அதனால் "இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்" என்ற வரியையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். வெறும் பட்ட விகிதத்தைப் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

செந்தாமரை

நீங்கள் எல்லோரும் முடிப்பவர் விகிதத்தைப் பேசுகிறீர்கள். ஏன் முடிக்க முடியவில்லை என்பதைப் பேச வேண்டாமா? பெரும்பாலும் காரணம் பணம்.

கொலம்பியா காலேஜில் அமெரிக்க மாணவரின் நிதித் தேவை முழுவதையும் கல்லூரி ஏற்கிறது. ஜெனரல் ஸ்டடீஸில் அந்த உறுதி இல்லை. அங்கே கட்டணம் பாயிண்ட் கணக்கில், ஒரு பாயிண்ட்டுக்கு 2,000 டாலருக்கு மேல். 15 பாயிண்ட் எடுத்தால் ஒரு பருவத்துக்கே 30,000ஐத் தாண்டும். கல்லூரி தரும் உதவி அதில் ஒரு பகுதிதான். ஒரே பேராசிரியரின் ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இருவரில் ஒருவர் கடனில்லாமல் வெளியேறுகிறார், மற்றவர் கடனோடு. தரவரிசையின் எந்த எண்ணும் இதைக் காட்டுவதில்லை. என்னைப் பொறுத்தவரை இந்த இழையிலேயே பெரிய அநியாயம் இதுதான்.

யேலின் எலி விட்னி திட்டத்தைப் பாருங்கள். படிப்பில் எப்போதாவது ஐந்தாண்டு இடைவெளி விட்டவர்களுக்கானது அது. விடுதியில் இடம் கிடையாது, ஆனால் நிதித் தேவையை முழுவதும் ஏற்கிறார்கள். எடுப்பது மிகக் குறைவானவர்களை. கொலம்பியா ஆயிரக்கணக்கானவர்களை எடுத்து முழு உதவி தருவதில்லை, யேல் சிலரை எடுத்து முழுதாகத் தாங்குகிறது. எது சிறந்தது என்று ஒரே வரியில் சொல்ல முடியாது. விண்ணப்பிப்பவருக்கு இந்த வேறுபாடு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

பணக் கணக்கில் சிக்கும் இடங்கள்:

கூட்டாட்சி நிதியுதவிக்கான விண்ணப்பமான ஃபாஃப்சாவில் 24 வயது நிறைந்தவர் பெற்றோர் வருமானம் காட்ட வேண்டியதில்லை. அந்த உதவி ஆண்டின் ஜனவரி 1க்கு முன் 24 ஆகியிருக்க வேண்டும். திருமணமானவர், பிள்ளையைப் பராமரிப்பவர், ராணுவத்தில் இருந்தவர் என்றால் வயது பார்ப்பதில்லை. பெல் தொகைக்கு வாழ்நாள் உச்சவரம்பு 600 சதவீதம், அதாவது 12 முழுநேரப் பருவங்கள். இருபது வயதில் வேறு கல்லூரியில் வாங்கியதும் இதில் கழியும். இதை மறந்து கடைசி ஆண்டில் திகைத்து நிற்பவர்கள் நிறைய. பெற்றோரைச் சாராத இளநிலை மாணவருக்குக் கூட்டாட்சிக் கடன் மொத்தமாக 57,500 டாலர் வரைதான்.

படிப்பு முன்னேற்ற விதியும் ஒன்று உண்டு. பட்டத்துக்குத் தேவையான பாயிண்ட்டின் 150 சதவீதத்துக்குள் முடித்தாக வேண்டும். ஏற்கப்பட்ட மாற்றல் பாயிண்ட்கள் எடுத்ததாகவும் முடித்ததாகவும் இரண்டிலும் சேரும். எனவே பாடப்பிரிவுக்கு உதவாத பழைய பாடங்களையெல்லாம் ஏற்கச் சொல்லிக் கெஞ்சாதீர்கள். பயனில்லாமல் வரம்பை மட்டும் தின்னும்.

இளவேனில்

ராணுவத்திலிருந்து வருபவர்களுக்கு செந்தாமரை சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம். ராணுவத்தில் இருந்தவரின் படிப்புக்கு அரசு தரும் உதவியான 9/11க்குப் பிந்தைய ஜிஐ பில் 36 மாதம் வரும். தனியார் கல்லூரிக்கு அது தரும் கட்டணத்துக்கு ஆண்டு உச்சவரம்பு உண்டு, 2024–25இல் அது ஏறத்தாழ 29,000 டாலராக இருந்தது. மீதியை யெல்லோ ரிப்பன் ஒப்பந்தத்தில் கல்லூரி ஒரு பங்கும் அரசு சம பங்கும் தரும். கல்லூரி எவ்வளவு ஒப்புக்கொண்டிருக்கிறது, எத்தனை பேருக்கு என்பதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்க வேண்டும்.

வீட்டுப்படி பெற, முழுநேரத்தின் பாதிக்கு மேல் படிக்க வேண்டும். முழுநேரம் 12 என்றால் 6 போதாது, 7 வேண்டும். சரியாகப் பாதி எடுத்துவிட்டு நியூயார்க் வாடகைக்குப் பணம் வரவில்லை என்று தவிப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. பருவங்களுக்கு இடைப்பட்ட விடுமுறை நாட்களுக்கும் படி வராது. ஜனவரி மாத வாடகையை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள்.

வைகறை

எல்லோருக்கும் நன்றி. வேலை விசாவில் வந்தவரின் துணைவருக்கான எச்-4 விசாவில் இருக்கும் நம்மூர்ப் பெண்கள் பலர் ஜெனரல் ஸ்டடீஸ் பற்றிக் கேட்கிறார்கள். அவர்களுக்கு இது பொருந்துமா? பிறகு, ஒரு கல்லூரி மூத்த மாணவர்களை எப்படி நடத்துகிறது என்று எந்தெந்த வரியில் பார்ப்பது?

செந்தாமரை

முதல் கேள்விக்கு என் பதில். எச்-4இல் முழுநேரமும் படிக்கலாம், பகுதிநேரமும் படிக்கலாம். மாணவர் விசாவான எஃப்-1க்கு மாறினால் முழுநேரம் கட்டாயமாகிவிடும், பகுதிநேரச் சலுகை போய்விடும். கூட்டாட்சி உதவி எச்-4க்குக் கிடையாது, ஃபாஃப்சா நிரப்பிப் பயனில்லை. கிரீன் கார்டு வந்துவிட்டால் கிடைக்கும்.

அதைவிட முக்கியமானது: ஏற்கெனவே இளநிலைப் பட்டம் பெற்றவர்களுக்கு இந்தத் திட்டங்கள் பெரும்பாலும் இல்லை. எலி விட்னியில் பட்டம் பெற்றவர் விண்ணப்பிக்கவே முடியாது. மூன்றாண்டு பி.காம்., பி.எஸ்சி. முடித்தவரும் பட்டதாரிதான். அவர்கள் முதுநிலையோ, மருத்துவத்துக்கு முந்தைய பாடங்கள் போன்ற பட்டத்துக்குப் பிந்தைய படிப்போ பார்ப்பது நல்லது. கல்யாணத்துக்காக இரண்டாம் ஆண்டில் படிப்பை நிறுத்தியவர்களுக்குத்தான் இந்தக் கதவு. அவர்கள் முதலில் பழைய பல்கலைக்கழகத்திலிருந்து மதிப்பெண் சான்றுகளை முறைப்படி பெற வேண்டும். ஊரிலிருந்து அதை வாங்க மாதங்கள் ஆகும், அதனால் விண்ணப்பத்துக்கு முன்பே தொடங்குங்கள். பிறகு பாடவாரியான மதிப்பீடு. கணிதம், இயற்பியல், மொழி, பொருளாதாரம் ஏற்கப்பட வாய்ப்பு அதிகம். பட்டறைப் பயிற்சி, தொழில்சார் பாடங்கள் கலை–அறிவியல் பட்டத்தில் பெரும்பாலும் ஏற்கப்படாது. இரண்டு வருடம் படித்தேன், எனவே 60 பாயிண்ட் கிடைக்கும் என்று எண்ணிப் பணத்தைத் திட்டமிட வேண்டாம்.

மாறன்

ஹார்வர்டு எக்ஸ்டென்ஷன் பத்தியும் சொல்லுங்களேன். நிறையப் பேர் அதையும் இதையும் ஒண்ணுன்னு நினைக்கிறாங்க.

நெய்தல்

ஒன்றல்ல. ஹார்வர்டு எக்ஸ்டென்ஷன் 1910இல் தொடங்கியது. அங்கே குறிப்பிட்ட பாடங்களை முதலில் எடுத்து, தேவையான மதிப்பெண் பெற்றுக் காட்டினால்தான் பட்டப் படிப்பில் சேர்ப்பார்கள். எஸ்ஏடி பேச்சே இல்லை. பட்டத்தின் பெயரிலேயே "எக்ஸ்டென்ஷன் ஸ்டடீஸ்" இருக்கும். வகுப்புகள் பெரும்பாலும் மாலையிலும் இணையத்திலும், ஹார்வர்டு காலேஜ் மாணவர்களிடமிருந்து தனியாக. கட்டணம் மிகக் குறைவு. தரவரிசையில் வரும் ஹார்வர்டு எண்களில் எக்ஸ்டென்ஷன் மாணவர்கள் இல்லை.

இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், மூத்த மாணவர்களைத் தனிச் சுவருக்குப் பின்னால் வைத்த பல்கலைக்கழகத்திடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஒரே வகுப்பில் உட்கார வைத்த பல்கலைக்கழகம்தான் அவர்களால் தரம் போனது என்ற பேச்சைக் கேட்கிறது. சேர்த்து உட்கார வைத்ததைக் குறையாகப் பேசுவது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

கயல்

வைகறையின் இரண்டாவது கேள்வி. கல்லூரியின் பெயரோடு "காமன் டேட்டா செட்" என்று தேடி, சமீபத்திய ஆண்டின் கோப்பை எடுங்கள்.

எஃப்1இல் 25 வயதும் அதற்கு மேலும் உள்ள மாணவர் சதவீதம் இருக்கும். 0 அல்லது 1 என்றிருந்தால் அங்கே மூத்த மாணவர் திட்டம் பெயரளவில்தான். டி2இல் மாற்றல் விண்ணப்பம், அனுமதி, சேர்ந்தோர் என்று மூன்று எண்கள். டி பகுதியின் பிற்பாதியில் வெளியிலிருந்து எத்தனை பாயிண்ட் ஏற்பார்கள், ராணுவப் பயிற்சிக்குப் பாயிண்ட் உண்டா என்பது.

நான் முதலில் திறப்பது எச்2. அங்கே மூன்று பத்திகள்: முதல்முறை முழுநேரம், எல்லா முழுநேரம், முழுநேரத்துக்குக் குறைவானவர். ஐ (I) வரியில் நிதித் தேவையில் சராசரியாக எத்தனை சதவீதம் ஈடுசெய்யப்பட்டது என்று இருக்கும். முதல் பத்தியில் 100, மூன்றாவது பத்தியில் 40 அல்லது வெற்றிடம் என்றால் விளம்பரத்தில் பார்க்கும் "முழுத் தேவையும் ஏற்கிறோம்" உங்களுக்கு இல்லை. இரண்டாவது பத்தியில் முதல்முறை மாணவர்களும் கலந்திருப்பார்கள், அதனால் அது 90 என்று நன்றாகத் தெரிந்தாலும் மாற்றல் மாணவரின் நிலை அதைவிடக் கீழே இருக்கலாம்.

பிறகு அரசின் காலேஜ் நேவிகேட்டர் தளத்தில் கல்லூரிப் பக்கத்துக்குப் போய் "ரிடென்ஷன், கிராஜுவேஷன்" பகுதியைத் திறங்கள். மேலே தெரியும் பெரிய எண் முதல்முறை மாணவருக்கானது, அதைத் தாண்டிக் கீழே அவுட்கம் மெஷர்ஸ் அட்டவணைக்கு வாருங்கள். மாற்றல் பகுதிநேர வரிசையில் பத்துப் பேர், இருபது பேர்தான் என்றால் அந்தச் சதவீதத்தை நம்ப வேண்டாம், இரண்டு பேர் விட்டாலே பத்துப் புள்ளி ஆடிவிடும். மூன்று நான்கு ஆண்டு எண்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தரவுக்காரன்

கயலின் பட்டியலில் ஒரே ஒரு சேர்க்கை. ஒரே பல்கலைக்கழகம் பள்ளிவாரியாக இரண்டு காமன் டேட்டா செட் தந்தாலும், காலேஜ் நேவிகேட்டரில் முழுப் பல்கலைக்கழகத்துக்கும் ஒரே பதிவுதான் இருக்கும். கொலம்பியாவுக்கு எச்2ஐ ஜெனரல் ஸ்டடீஸ் கோப்பிலிருந்தும், அவுட்கம் மெஷர்ஸை மொத்தப் பதிவிலிருந்தும் எடுக்க வேண்டும். மொத்தப் பதிவின் முதல்முறை வரிசையில் கொலம்பியா காலேஜ், பொறியியல் பிள்ளைகளோடு, முன்பு எந்தக் கல்லூரியிலும் படிக்காமல் நேராக ஜெனரல் ஸ்டடீஸில் முழுநேரம் சேர்ந்த சிலரும் இருப்பார்கள். மாற்றல் வரிசைகளில் பெரும்பகுதி ஜெனரல் ஸ்டடீஸ்தான். எனவே வைகறை, உங்களுக்கு வேண்டிய எண் மாற்றல் முழுநேர வரிசையின் எட்டாம் ஆண்டுப் பத்தியில் இருக்கிறது. அதை அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல்முறை வரிசையோடு ஒப்பிடாமல், மற்ற பல்கலைக்கழகங்களின் அதே வரிசையோடு ஒப்பிடுங்கள்.